மூன்று ஹாரன்

எங்கள் வீட்டுக் கதவை யாரும் இரண்டாவது தடவை தட்டியது கிடையாது. முதல் சத்தத்திலேயே எழுந்துபோய்த் திறந்துவிடுவேன். தெப்ரா டவுனில் மகன் வீட்டோடு வந்து தங்கிய இத்தனை வருஷத்தில், சோப்பு விற்கிறவன், வீடு மாறி வந்தவன், வேதம் சொல்ல வந்தவர்கள் என்று எத்தனையோ பேருக்குத் திறந்திருக்கிறேன். ஒரு தடவை திருடன் ஒருவனுக்கும் திறந்தேன். யாருமில்லாத வீடு என்று நினைத்துக் கதவை அசைத்துப் பார்த்தவன், நான் எதிரே நின்றதும் திகைத்துப்போய், "தண்ணி கிடைக்குமா பாட்டி" என்று கேட்டான். குடித்துவிட்டுப் போனான். மருமகள் அன்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"யாருன்னு கேட்டுட்டுத் திறங்க அத்தை. உங்களுக்கு எத்தன தடவதான் சொல்றது?"

அவளுக்கு நான் பதில் சொன்னதில்லை. சொன்னால் முழுவதையும் சொல்ல வேண்டும். வாயால் சொல்ல எனக்குத் தெம்பில்லை, அதனால் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் ஒரு நாள் உச்சிவேளையில் என்னைக் கூப்பிட்டார். எனக்குக் கேட்டது. நான் உடனே போகவில்லை. விஷயம் அவ்வளவுதான். ஏன் போகவில்லை என்பதற்குத்தான் இத்தனை காகிதம் தேவைப்படுகிறது.

அவர் லோரி டிரைவர். சிகாமட்டிலிருந்து சில மைல் உள்ளே தள்ளி இருந்த ஒரு கித்தா ரப்பர்த் தோட்டத்தில், அங்கிருந்த ஒரே லோரியை ஓட்டினார். ஜப்பான்காரன் வருவதற்குப் பல வருஷம் முந்திய காலம். முன்பக்கம் கம்பியை விட்டுச் சுற்றினால்தான் வண்டிக்கு உயிர் வரும். டிரைவர் பக்கத்துக் கதவுக்கு வெளியே பித்தளைக் குழல் ஒன்று, அதன் வாலில் மாம்பழம் அளவுக்குக் கறுப்பு ரப்பர் பந்து. பந்தை அமுக்கினால் 'பாங்' என்று ஊதும். அதுதான் ஹாரன். காலையில் புகைபோட்ட ரப்பர் ஷீட்டுகளை ஏற்றிக்கொண்டு சிகாமட் ரயில் கொட்டகைக்குப் போவார். சாமான் ஏற்றி இறக்க இரண்டு ஆட்கள் கூடப் போவார்கள். திரும்பும்போது அரிசி மூட்டை, கருவாடு, மண்ணெண்ணெய் என்று தோட்டத்துக்கு வேண்டியதெல்லாம் அதில் வரும்.

செத்துப்போனவர்களை ஊர் கூடி நல்லவர்களாக்கிவிடும். என் வீட்டுக்காரர் அதற்காகச் சாக வேண்டியிருக்கவில்லை. இருக்கும்போதே தாங்கமுடியாத அளவுக்கு நல்லவர். தோட்டத்து ஆண்கள் வேலை விட்டதும் கள்ளுக்கடைக்குப் போவார்கள், இவர் வீட்டுக்கு வருவார். "பொண்டாட்டி முந்தானையைப் புடிச்சுக்கிட்டே திரியறான்" என்று கேலி செய்வார்கள். "புடிக்கிறதுக்கு எனக்கு ஒண்ணு இருக்கு, உங்களுக்கு?" என்பார். சிகாமட்டில் கடைக்குக் கடை சோறு இருந்தும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தாக வேண்டும். பழைய சோறும் சுட்ட கருவாடுமாக இருந்தாலும், மகள் ஒரு பக்கம் மகன் ஒரு பக்கம் உட்கார்ந்தால்தான் அவருக்கு இறங்கும். மகளுக்குச் சடை பின்னுவதுகூட அவர்தான். பாரத்துக்குக் கயிறு கட்டுகிற கை அல்லவா, பிள்ளைக்குக் கண் மேலே இழுத்துக்கொள்ளும், சாயங்காலம்வரை ஒரு முடி அவிழாது. எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும் அவரே. அடுப்புக்கரியால் வீட்டுப் பலகையில் எழுதிக் காட்டுவார். தப்பாக எழுதினால் நான்தான் கோபித்துக்கொள்வேன், அவர் சிரிப்பார். நான் முன்கோபக்காரி. அது அவருக்குத் தெரிந்தே கட்டிக்கொண்டார்.

அப்புறம் ரப்பர் விலை விழுந்தது. பாதி மரங்களுக்குப் பால் வெட்டு இல்லை என்றார்கள். ஒவ்வொரு குடும்பமாகக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களை ரயிலுக்குக் கொண்டுபோய் விட்டதும் இவருடைய லோரிதான். ஏறும்போது ஒருவரும் போகிறோம் என்று சொல்ல மாட்டார்கள். "போயிட்டு வர்றோம்" என்பார்கள். இவர் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல், "வாங்க, வாங்க" என்பார். அன்றைக்கெல்லாம் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார்.

எங்கள் லயம், தோட்டத்து ஆட்கள் குடியிருந்த வீடுகள், எதிரும் புதிருமாக இரண்டு வரிசை. சில மாதத்தில் எதிர் வரிசை முழுக்கக் காலியாகிவிட்டது. கதவுகளைக் கயிற்றால் கட்டிவைத்திருந்தார்கள். ஆளில்லாத வீடுகளை நான் அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். ஆளில்லாத ஒரு வரிசையே நம் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு. யாரோ விட்டுப்போன அம்மிக்கல்லில் மழைத்தண்ணீர் நிற்கும். காற்றில்லாத நேரத்தில் ஒரு கதவு மட்டும் லேசாக முட்டும். உச்சிப்பொழுதில் அந்தப் பக்கமிருந்து கருவாடு வறுக்கிற வாசனை வரும். எங்கள் அடுப்பிலிருந்து போய்த் திரும்பி வருகிற வாசனைதான் என்று சொல்லிக்கொள்வோம். எங்கள் வீட்டில் கருவாடு இல்லாத நாளிலும் வந்தது.

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருந்தாள். பால் வெட்டுகிறவள். அவள் தங்கை குடும்பம் எதிர் வரிசையில் இருந்து, லோரி ஏறிப் போய்விட்டது. போய் மூன்று மாதம் இருக்கும். ஒரு மத்தியானம் அவளும் நானும் எங்கள் வாசலில் உட்கார்ந்து மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தோம். வெயில் வெள்ளையாக அடித்தது. ஒரு காக்கைகூடக் கத்தவில்லை.

எதிர் வரிசையிலிருந்து, "அக்கா" என்று ஒரு குரல். ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டது.

"தோ வர்றேன்டி" என்று பக்கத்து வீட்டு அக்கா எழுந்து நடந்தாள். மடியிலிருந்த மிளகாயெல்லாம் மண்ணில் கொட்டிற்று. நேரே தங்கை இருந்த வீட்டுக்குப் போய், கட்டியிருந்த கயிற்றில் கை வைத்தாள்.

"அக்கா! அவ கப்பலேறிப் போயிட்டாக்கா!" என்று கத்தினேன்.

திரும்பிப் பார்த்தாள். தூக்கத்திலிருந்து எழுப்பிய பிள்ளை மாதிரி முழித்தாள். அன்று சாயங்காலமே காய்ச்சல் கண்டது. நாலாம் நாள் அவள் இல்லை. மலேரியா என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் சொன்னார். அவளுக்குக் காய்ச்சல் முன்பே உள்ளுக்குள் இருந்திருக்கும், காதில் குரல் கேட்டிருக்கும் என்று இன்றைக்கு நான் நினைத்துப் பார்க்கிறேன். சரி, எனக்கு எப்படிக் கேட்டது? எனக்குத் தலைவலிகூட இல்லையே. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அவரிடம் தவிர.

அதற்குப் பிறகு லயத்தில் ஒரு கட்டு வந்தது. செத்தது ஒரு தடவைதான் கூப்பிடும், உயிரோடு இருக்கிறவர்கள்தான் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று ஊரில் சொல்வதுண்டு. அதனால் மூன்று தடவை கேட்காமல் யாரும் ஏன் என்று கேட்கக்கூடாது, கதவைத் திறக்கக்கூடாது. காய்கறி கொண்டுவருகிற சீனன்கூட இரண்டே நாளில் கற்றுக்கொண்டு, "சாயோர்! சாயோர்! சாயோர்!" என்று மூன்று தடவை கத்திவிட்டுத்தான் கூடையை இறக்குவான். தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி, வீட்டுக்கு வீடு பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போய் எங்களை ஏசினார். அவர் ஏசட்டும். அந்தக் கட்டை யார் மீறினாலும் முதலில் சண்டைக்குப் போனது நான்தான். குரலைக் கேட்டவள் நான் அல்லவா.

இவருக்கு மட்டும் சிரிப்பு. லயத்துக்குத் திரும்புகிற வளைவில் ஒரு பெரிய மரம், அதன் அடியில் முனியாண்டிக்கு ஒரு கல்லும் சூலமும். அந்த இடத்தில் டிரைவர்கள் ஹாரன் அடிக்காமல் தாண்ட மாட்டார்கள். மரமும் மேடும் மறைப்பதால் வளைவுக்கு அப்பால் நிற்பது லயத்திலிருந்து தெரியாது, சத்தம் மட்டும்தான் வரும். ஒரு மத்தியானம் வேண்டுமென்றே ஒரே ஒரு தடவை அடித்துவிட்டு, லோரியை அங்கேயே நிறுத்தி, சத்தமில்லாமல் நடந்து வந்து வாசலில் நின்றுகொண்டு, "புள்ளே" என்று ஒரே தடவை கூப்பிட்டிருக்கிறார். நான் உள்ளே பிள்ளைகள் இரண்டையும் சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி நிற்கிறேன். பலகை இடுக்கு வழியாக என் முகத்தைப் பார்த்திருக்கிறார். அப்போதுதான் அவர் சிரிப்பு நின்றது.

"நான்தான் புள்ளே. நான்தான். நான்தான்."

திறந்தேன். தவலைத் தண்ணீரை எடுத்து அப்படியே தலையில் ஊற்றினேன். ஊற்றிவிட்டு ஓவென்று அழுதேன்.

"விளையாடுற விசயமாங்க இது? அந்தக் கொரலு என் காதுலயும் விழுந்துச்சுங்க. நானும் கேட்டேன். அவளுக்கு அடுத்தது நான்னு ஒவ்வொரு நாளும் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன்."

அதற்குமுன் அவரிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தேன். காக்கிச் சட்டை சொட்டச் சொட்டப் படியில் உட்கார்ந்தார். என் கையை இழுத்து, உள்ளங்கையில் ஓங்கி அடித்தார்.

"சத்தியமா இனிமே மூணு. மூணு அடிக்காம வந்தா அது நான் இல்ல. நீ வராதே. பிள்ளைங்களையும் விடாதே. சரியா?"

மறுநாளிலிருந்து வளைவில் மூன்று ஹாரன் கேட்கும். பாங், பாங், பாங், ஒரே மூச்சில். சாப்பிடும்போது அதற்குக் கணக்கும் வைத்திருந்தார். முதலாவது முனிக்கு, இரண்டாவது பிள்ளைகளுக்கு, மூன்றாவது எனக்கு.

"எனக்குத்தான் கடைசியா?" என்று சண்டை பிடித்தேன்.

"கடைசியா கேட்டதுதான் காதுல நிக்கும்" என்றார்.

அந்த வருஷம் மார்கழி மழை நிற்காமல் பெய்தது. சிகாமட் ஆறு ஏறிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். பாதை அடைபடுவதற்குள் அரிசி எடுத்து வந்துவிட வேண்டும் என்று இவரை அனுப்பினார்கள். போன அன்று வரவில்லை. ஆறு பெருகினால் டவுனிலேயே தங்கிவிடுவது உண்டு, அதனால் நான் கவலைப்பட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். கோபம்தான் பட்டேன். கூடப் போன ஆட்கள் பிற்பாடு சொன்னார்கள். ரயில் கொட்டகையில் முழங்கால் தண்ணீராம், தண்ணீர் வடிந்ததும் போகலாம் என்று எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். "வீட்டுல பாத்துக்கிட்டு இருப்பாங்க, நான் மொள்ளமாப் போயிடறேன், நீங்க பின்னாடி வாங்க" என்று தனியாகக் கிளம்பியிருக்கிறார்.

மறுநாள் மத்தியானம் மழை விட்டது. ஈரத்தின் மேல் வெயில் விழுந்து, எதிர் வரிசைக் கூரைகளிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. கால்வாயில் தண்ணீர் இரைந்து ஓடிற்று. நான் உலை வைத்து அரிசி போட்டிருந்தேன்.

வளைவிலிருந்து 'பாங்' என்றது.

"அப்பா!" என்று மகள் எழுந்தாள். அவளுக்கு அப்போது ஏழு வயது.

நான் அகப்பையைக் கையில் பிடித்தபடி இரண்டாவதுக்குக் காத்திருந்தேன். மூன்றும் ஒரே மூச்சில் வருகிறதுதானே வழக்கம். வரவில்லை. மகள் படியிறங்கிவிட்டாள். ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பாதாம்மா. அப்பா லோரிம்மா."

"ஒண்ணுதான்டி கேட்டுச்சு."

"அப்பாதாம்மா!"

கன்னத்தில் ஓர் அறை வைத்தேன். பக்கத்து வீட்டு வாசலில் அந்த அக்காவின் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். பெண்டாட்டி போனதிலிருந்து அதிகம் பேசாத மனிதர். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"போவாத தங்கச்சி. ஒண்ணுக்குப் போயித்தான் அவ போனா."

உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். பலகை இடுக்கு வழியாக எதிர் வரிசையைப் பார்த்தேன். அந்தத் தங்கை வீட்டுக் கதவு, கயிறு இருந்தும், உள்ளே யாரோ சாய்ந்து நிற்பது மாதிரி முன்னால் வந்து பின்னால் போயிற்று. அதைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை. வந்திருப்பது அவர் இல்லை. அவராக இருந்தால் மூன்று அடித்திருப்பார். சத்தியம் செய்திருக்கிறார்.

உலை பொங்கி, அடங்கி, அடிப்பிடித்து நாற்றம் வந்தது. இறக்கிவைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவ்வளவு நேரத்துக்கு அப்புறம்தான் இரண்டாவது கேட்டது.

அது 'பாங்' என்று தொடங்கி, நடுவில் மெலிந்து, இழுத்துக்கொண்டே போய் நின்றது. அவருடைய ஹாரன் அப்படி இழுக்காது. என் பயம் கூடித்தான் போயிற்று. மாடத்திலிருந்த திருநீற்றை அள்ளிப் பிள்ளைகள் நெற்றியில் பூசினேன். மகன் என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். மகள் அழவில்லை. அறை வாங்கிய கன்னத்தோடு சுவரில் சாய்ந்து நின்று, எனக்குக் கணக்குச் சொல்வது மாதிரி சொன்னாள்.

"ரெண்டு ஆச்சும்மா."

ஒன்று என்றால் செத்தது, மூன்று என்றால் உயிரோடு இருப்பது. இரண்டுக்கு என்ன அர்த்தம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. எழுந்து கதவருகே போனேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தாயிற்று, பொய். ஹாரன் இழுக்கிறது என்றால் பந்தை அமுக்குகிற கைக்கு வலுவில்லை என்று ஒரு டிரைவர் பெண்டாட்டிக்குத் தெரியாதா? தெரிந்தும் கை தாழ்ப்பாளிலேயே இருந்தது. திறக்கவில்லை. இன்னும் ஒன்று கேட்கட்டும் என்று நின்றேன். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுதிவிட்டேன்.

மூன்றாவது, ஹாரன் சத்தமே இல்லை. குழலுக்குள் காற்றுப் போகிற மாதிரி ஒன்று. கால்வாய் இரைச்சலுக்கு மேல் அது எப்படி என் காதுக்கு வந்தது என்று தெரியவில்லை. தாழ்ப்பாளைத் திறந்து ஓடினேன். பக்கத்து வீட்டுக்காரர் இந்தத் தடவை தடுக்கவில்லை, என் பின்னாலேயே ஓடி வந்தார்.

மழையில் மேட்டுமண் சரிந்து பாதையை மூடியிருந்தது. லோரி வழுக்கிப் போய், முனியாண்டி மரத்தில் முட்டிச் சாய்ந்து கிடந்தது. உள்ளே ஸ்டீரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் அவர் நெஞ்சு அகப்பட்டிருந்தது. சத்தம்போட்டுக் கூப்பிட அந்த நெஞ்சில் காற்று இல்லை. வலது கை மட்டும் வெளியே இருந்தது. விரல்கள் மடங்கவில்லை, முழங்கையைப் பந்தின் மேல் வைத்து உடம்புப் பாரத்தால் அமுக்கியிருக்கிறார். எங்கள் வீட்டுக் கூரையின் புகை அங்கிருந்து தெரிந்தது.

என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"மூணு அடிச்சுட்டேன்ல புள்ளே."

"அடிச்சீங்க."

"சேந்தாப்புல அடிக்க முடியல. கோவிச்சுக்காதே."

லயத்து ஆட்கள் கட்டை கொண்டுவந்து நெம்பி வெளியே எடுத்தார்கள். கதவுப் பலகையில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். வெயில் சாய்வதற்குள் முடிந்துவிட்டது. டிரஸர் கையைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்சம் முன்னாடியே தூக்கிட்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நல்ல மனிதர். அவர் நிறுத்திய இடத்திலிருந்து நான்தான் தினமும் முடித்துக்கொண்டிருக்கிறேன். லோரியில் சீட்டுக்கு அடியில், எண்ணெய்த் துணியில் நனையாமல் சுற்றி, மகளுக்கு இரண்டு சிவப்பு ரிப்பன் வாங்கி வைத்திருந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். பழக்கதோஷத்தில் மூன்று தடவை கூப்பிட்டார்.

"நான்தான் தடுத்துட்டேன் தங்கச்சி."

"தாழ்ப்பாள்ல இருந்தது உங்க கை இல்லண்ணே" என்றேன். முனிதான் கேட்டு வாங்கிக்கொண்டது என்று லயத்தில் பேசினார்கள். முனி கேட்கவில்லை, முட்டாள்தனம் கேட்டது என்று நான் கத்தினேன். பாவம், பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

மகள் என்னை ஒன்றும் சொன்னதில்லை. ஏழு வயதில் அடிவாங்கியதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவள் கல்யாணத்தன்று காலையில் நான் சடை பின்னிவிட்டுக்கொண்டிருந்தபோது, கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"மூணாவது அடிக்க அப்பாவால முடியாமப் போயிருந்தா, நீங்க போயிருப்பீங்களாம்மா?"

பின்னிக்கொண்டே இருந்தேன். அவிழ்ந்து அவிழ்ந்து போயிற்று. அவர் கை எனக்கு வராது.

அந்த லோரியைச் சிகாமட்டுக்கு இழுத்துப் போனவர்கள் திரும்பக் கொண்டுவரவில்லை. புதிதாக வந்த லோரிக்குப் பந்து ஹாரன் இல்லை, பட்டனைத் தட்டினால் ஆடு மாதிரி கத்துகிற ஹாரன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் போய் நாற்பது நாள் கழித்து ஒரு மத்தியானம், வளைவிலிருந்து 'பாங்' என்று ஒரு தடவை கேட்டது. பந்து ஹாரன். லயத்தில் படபடவென்று கதவுகள் சாத்துகிற சத்தமும் கேட்டது, ஆகவே அது எனக்கு மட்டும் கேட்ட சத்தம் இல்லை. நான் ஓடினேன். கல், சூலம், பட்டை உரிந்த மரம். வேறு யாரும் இல்லை. வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகும் அந்தத் தோட்டத்தில் புல் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்த வருஷங்களில் அது எத்தனையோ தடவை கேட்டது. எப்போதும் உச்சிவேளை, எப்போதும் ஒன்று. "போவாத, அது அவரு இல்ல" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். உதறிவிட்டுப் போவேன். பேயாகவே இருக்கட்டும், அதனால் என்ன? என் வீட்டுக்காரர்தானே. கட்டினவரை வெயிலில் நிற்கவைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பது எனக்கு ஒரு தடவை போதும்.

தெப்ராவுக்கு வந்த பிறகு அது கேட்கவில்லை. இங்கே துறைமுகத்துக்குப் போகிற லோரிகள் நாள் முழுக்க அலறுகின்றன, அதில் எதுவும் அது இல்லை என்று எனக்குத் தெரியும். போன மாதம் ஒரு மத்தியானம், மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். ரோட்டில் எல்லாச் சத்தமும் சட்டென்று நின்ற மாதிரி இருந்தது. 'பாங்' என்றது. திறந்துகொண்டு போனேன். வெயில், ஒரு பூனை, அவ்வளவுதான். திரும்பி வந்தவள் கதவைச் சாத்தாமல் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஓர் உலை பொங்கி அடங்குகிற நேரம் இருக்கும். இன்னொன்று கேட்டது. நடுவில் மெலிந்து, இழுத்து, நின்றது. அவர் போன பிறகு இரண்டாவது கேட்டது அன்றைக்குத்தான்.

முதலாவது முனிக்கு, இரண்டாவது பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள், நான் பார்த்துக்கொண்டேன் என்று வாசலைப் பார்த்துச் சொன்னேன்.

அதனால்தான் மருமகளே, உச்சிவேளையில் நான் கதவைத் தாழ்ப்பாள் போடுவதில்லை. நீ ஏசினாலும் போட மாட்டேன். மூன்றாவது எனக்கு. இந்தத் தடவை அவர் என்னிடம் கோவிச்சுக்காதே என்று சொல்லும்படி வைக்க மாட்டேன்.